பேப்பர் கட்டிங் சேவை: சென்னையில் ஒரு கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

சென்னையில் எம்.எல்.ஏ.க்கள், கட்சி நிர்வாகிகள், துறை அதிகாரிகள் எனப் பலருக்கு விடிகிற நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வந்துவிடும். அவர்களுடைய தொகுதி, துறை பற்றி அன்றைய நாளிதழ்களில் வந்த செய்திகளை வெட்டி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். 'பேப்பர் கட்டிங்' என்று சொல்லப்படும் இந்தச் சேவையை நிறுவனங்களும் நடத்துகின்றன, வீட்டிலிருந்து தனியாட்களும் நடத்துகிறார்கள். பத்துப் பத்திரிகைகளையும் புரட்ட நேரமில்லாதவர் இந்தத் தொகுப்பை மட்டும்தான் பார்க்கிறார். அதில் விட்டுப்போன செய்தி அவரைப் பொறுத்தவரை அன்று வரவே இல்லை. ஆகவே இந்தச் சேவையை வாங்குபவர், எதை முதலில் கவனிப்பது என்ற வரிசையையும் சேர்த்தே வாங்குகிறார். அந்த வரிசை எப்படி உருவாகிறது, எங்கே பிசகுகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

நிறுவனப் பெயர் சொல்லி மதிப்பெண் போடவில்லை. வெட்டுகிற ஆள் மாறினால் அதே நிறுவனத்தின் தரம் மாறிவிடும். சேவையின் வகைகளையும் அவை வேலை செய்யும் விதத்தையும்தான் இங்கே எடைபோடுகிறோம்.

ஊடகம் அரசியலின் கவனத்தைத் திருப்புகிறது என்பது வெறும் அனுமானம் அல்ல. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் நகரில் மேக்ஸ்வெல் மெக்கோம்ஸ், டொனால்ட் ஷா இருவரும் யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் பேசினார்கள். செய்திகள் எதைப் பெரிதாகக் காட்டினவோ அதையே வாக்காளர்களும் பெரிய பிரச்சினையாகச் சொன்னார்கள். ஆய்வு 1972-இல் வெளியானது. அது வாக்காளரைப் பற்றியது. ஆட்சியாளர்களைப் பற்றி நம் நாட்டிலேயே நல்ல ஆய்வு இருக்கிறது. டிமோதி பெஸ்லி, ராபின் பர்ஜஸ் இருவரும் 1958 முதல் 1992 வரையிலான இந்திய மாநிலக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். விளைச்சல் குறைந்தபோதும் வெள்ளம் வந்தபோதும், பத்திரிகை அதிகம் விற்கும் மாநிலங்களில் அரசு ரேஷன் தானியத்தையும் நிவாரணத்தையும் கூடுதலாகக் கொடுத்திருந்தது. அந்தந்த மாநில மொழிப் பத்திரிகைகளுக்கே இதில் பெரிய பங்கு. சென்னையில் கட்டிங் வாங்குபவர் இந்த ஒரு முடிவை மனதில் வைத்தாலே, ஆங்கிலப் பத்திரிகைகளை முன்னால் வைத்துத் தமிழ்ப் பத்திரிகைகளைக் கடைசியில் சேர்க்கும் தொகுப்பை மறுத்துவிடுவார்.

மூன்று வகைகள்

முதலாவது, கத்தரிக்கோல் வகை. ஏ4 தாளில் ஒட்டி, மேலே பத்திரிகை பெயர், தேதி, பக்கம் எழுதி, ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பது. இது அருகிவிட்டது. ஆனால் வெட்டுபவர் முழுப் பக்கத்தையும் கண்ணால் பார்க்கிறார் என்ற பெரிய நன்மை இதில் உண்டு.

இரண்டாவது, இ-பேப்பரிலிருந்து ஆள் தேர்ந்தெடுத்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவது. சென்னையில் ஒரு தொகுதி அலுவலகத்துக்கு இப்போதைக்கு இதுதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

மூன்றாவது, சொல் கொடுத்தால் கம்ப்யூட்டரே தேடி எடுத்துத் தரும் டாஷ்போர்டு. பல ஊர்ப் பதிப்புகளையும் இணையதளங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டிய கட்சித் தலைமையகத்துக்கோ பெரிய நிறுவனத்துக்கோ சரி. ஒரு வார்டுக்கு இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். ஏன் என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

தமிழில் சொல் தேடினால் எங்கே உதைக்கிறது

கோடம்பாக்கம் தொகுப்பு வேண்டும் என்று 'கோடம்பாக்கம்' என்ற சொல்லைக் கொடுக்கிறீர்கள். செய்தியில் இருப்பதோ 'கோடம்பாக்கத்தில் கழிவுநீர் தேக்கம்'. மகர மெய் போய் அத்துச் சாரியை வந்துவிட்டது. தேடல் அதைப் பிடிக்காது. சென்னையின் பாதி ஊர்ப் பெயர்கள் இப்படித்தான்: நுங்கம்பாக்கம், வில்லிவாக்கம், மேடவாக்கம், வளசரவாக்கம், தாம்பரம், மாதவரம். ஊர் என்று முடியும் பெயர்களும் தப்புவதில்லை. திருவொற்றியூர் 'திருவொற்றியூரில்' ஆகும்போது கடைசி 'ர்' 'ரி' ஆகிவிடும். ஆறுகளும் மாட்டிக்கொள்ளும்: அடையாறு 'அடையாற்றில்' ஆகும், கூவம் 'கூவத்தில்' ஆகும்.

இதற்கு வழி எளிது. சொல்லின் கடைசி மெய்யெழுத்தை நீக்கி 'கோடம்பாக்க', 'வில்லிவாக்க', 'திருவொற்றியூ' என்று கொடுக்கச் சொல்லுங்கள். சொல்லின் தொடக்கத்தை மட்டும் பொருத்திப் பார்க்கும் வசதி அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் -ம், -த்தில், -த்தை, -த்துக்கு, -த்தின் என ஐந்து வடிவங்களையும் தனித்தனிச் சொல்லாகப் போட வேண்டியிருக்கும். சொல் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்குபவரிடம் ஒரே ஊருக்கு ஐந்து மடங்கு கட்டுவீர்கள்.

அடுத்தது மாற்றுப் பெயர்கள். ஓ.எம்.ஆர். என்று ஒரு பத்திரிகை எழுதும், ராஜீவ் காந்தி சாலை என்று இன்னொன்று, பழைய மாமல்லபுரம் சாலை என்று மற்றொன்று. தி.நகர், தியாகராய நகர், பூந்தமல்லி, பூவிருந்தவல்லி, 100 அடி சாலை, ஜவஹர்லால் நேரு சாலை. கொசஸ்தலை ஆற்றைக் கொற்றலை ஆறு என்றும் எழுதுவார்கள். தலைகீழான தொல்லையும் உண்டு: பெருங்குடி மதுரையிலும் இருக்கிறது, கொளத்தூர் சேலம் மாவட்டத்திலும் இருக்கிறது, அண்ணா நகர் எந்த ஊரில்தான் இல்லை. பதிப்பைச் சென்னை என்று வரையறுக்காமல் விட்டால் குப்பையாக வந்து சேரும்; இரண்டு வாரத்தில் பி.ஏ. அதைத் திறப்பதையே நிறுத்திவிடுவார்.

மூன்றாவது கோளாறு அச்சிலேயே இருக்கிறது. தமிழ் நாளிதழ்களின் பத்தி குறுகலானது. வரி முடியும் இடத்தில் சொல்லை இடைக்கோடு போடாமலே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். 'வேளச்' ஒரு வரியிலும் 'சேரியில்' அடுத்த வரியிலும் நின்றால், எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் அதை இரண்டு சொல்லாகப் படிக்கும். படத்தின் மேலேயே வெள்ளை எழுத்தில் போடும் இரண்டு வரி விளக்கமும் இதே போலத் தவறிவிடும். இதுதான் மிகவும் வருந்த வேண்டிய இழப்பு. திறந்து கிடக்கும் மழைநீர் வடிகால், பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள், கீழே 'இடம்: இன்ன தெரு' என்று இரண்டே வரி. கட்டுரையே தேவையில்லாமல் ஒரு உதவிப் பொறியாளரை அன்று காலையே ஓட வைப்பது அந்தப் படம்தான்.

நேரமும் பதிப்பும்

சட்டமன்றம் நடக்கும் நாட்களில் அவை காலை 9.30 அல்லது 10 மணிக்குக் கூடும். கேள்வி நேரத்துக்கான கேள்விகளைப் பல நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பதால் அன்றைய கட்டிங்கால் அங்கே பயனில்லை. கவன ஈர்ப்பும் நேரமில்லா நேரமும்தான் அன்றைய செய்தி நுழையும் வாசல். அதற்கு உறுப்பினர் படித்து, பகுதிச் செயலாளரிடம் போனில் உண்மை நிலவரம் கேட்டு, எழுதிக் கொடுக்க வேண்டும். 6.30-க்குள் தொகுப்பு வந்தால்தான் இது முடியும். 8 மணிக்கு அழகாக வடிவமைத்து வரும் தொகுப்பைவிட 6.15-க்கு அவசரமாக வரும் தொகுப்பு மேல். பாதியை 6.15-க்கும் மீதியை 7.30-க்கும் அனுப்பச் சம்மதிக்கும் ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. மாமன்றக் கூட்டத்துக்கு இந்த அவசரம் இல்லை. ரிப்பன் மாளிகையில் மாதம் ஒரு கூட்டம் என்ற கணக்கில், கவுன்சிலருக்குத் தேவை தினசரி கட்டிங்கைவிட மாதம் முழுவதற்கும் தெருவாரியாகச் சேர்த்த ஒரு பட்டியல்.

மாலைப் பத்திரிகைகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மாலை மலர், மாலை முரசு, தமிழ் முரசு மூன்றும் காலைத் தொகுப்பில் வராது. காலையில் நடந்த விபத்தோ சாலை மறியலோ முதலில் அச்சேறுவது அங்கேதான்.

பதிப்பு விஷயத்தில் புறநகர் அலுவலகங்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2011-இல் மாநகராட்சி விரிந்து 200 வார்டு, 15 மண்டலம் ஆனது. ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் தனி மாநகராட்சி ஆயின. செங்கல்பட்டு 2019-இல் தனி மாவட்டம் ஆனது. ஆனால் பத்திரிகைகளின் பதிப்பு எல்லைகள் அரசாணையைப் பார்த்து மாறுவதில்லை. சோழிங்கநல்லூர் போல மாநகராட்சி வார்டுகளும் மேடவாக்கம், பெரும்பாக்கம் போன்ற ஊராட்சிகளும் கலந்த தொகுதிக்குச் சென்னைப் பதிப்பும் போதாது, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் செய்திகள் வரும் பக்கங்களும் வேண்டும். எந்தப் பதிப்பு, எந்த இணைப்புப் பக்கம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் போன்ற வட்டார வார இதழ்களைப் பெரும்பாலான சேவைகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. கவுன்சிலருக்கு அவைதான் முதலில் வேண்டும்: நடைபாதை, பார்க், குப்பைத் தொட்டி, பஸ் நிறுத்தம் என்று அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்கள் நிறைந்திருப்பவை அவை.

அடுக்கும் வரிசை

பல தொகுப்புகள் தலைவர் படம் வந்த செய்தியில் தொடங்கும். பிறகு அறிக்கை, பிறகு எதிர்க்கட்சி அறிக்கை, பிறகு பொது அரசியல். தொகுதிப் பிரச்சினைகள் 18-ஆம் பக்கத்தில் வரும். பார்ப்பவர் 10-ஆம் பக்கத்தோடு மூடிவிடுவார். வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: முதலில் உங்கள் வார்டு அல்லது தொகுதியில் நடந்தது, அடுத்து உங்கள் தொகுதியையும் தொடும் துறைச் செய்தி, அதன் பிறகு அரசியல். முதல் பக்கத்திலேயே ஒரு அட்டவணை இருக்கட்டும்: இடம், பிரச்சினை, பொறுப்பான அலுவலகம், செய்தியில் பதில் சொன்ன அதிகாரி யார், முன்பு எப்போது வந்தது. இதில் மூன்றாவது கட்டத்தை நிரப்பத் தெரிந்தவர்தான் நல்ல கட்டிங் ஆள். கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியம், மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சி, பெரிய சாலை என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறையாகவும் இருக்கலாம், சாலையோரம் அறுந்து தொங்கும் கேபிள் என்றால் யாருடையது என்று விசாரிக்க வேண்டும். தவறான அலுவலகத்துக்கு எம்.எல்.ஏ. போன் செய்தால் அந்தச் செய்தியின் வேகம் அன்றே வீணாகிவிடும்.

கட்சி ஏடுகளைத் தனிக் கோப்பாகக் கேளுங்கள். முரசொலி, தீக்கதிர், ஜனசக்தி, விடுதலை ஆகியவை கட்சியோ இயக்கமோ எதைப் பேசவைக்க விரும்புகிறது என்பதைக் காட்டும், படிக்க வேண்டியவைதான். ஆனால் தெருவில் இருப்பது என்ன என்ற பட்டியலோடு அவற்றைக் கலந்தால், தாம் சொன்னதே ஊர்ப் பேச்சாகத் திரும்பி வந்துவிட்டது என்ற மயக்கம் தலைவர்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது. தொலைக்காட்சியிலும் இதே கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் பல செய்திச் சேனல்களுக்கு ஏதோ ஒரு கட்சியோடு தொடர்பு உண்டு. அவற்றின் கீழோடும் எழுத்துச் செய்தியைத் தொகுத்துத் தருகிறோம் என்று கூடுதல் கட்டணம் கேட்பார்கள். வார்டு, தொகுதி அளவில் அது வேண்டாம். வெள்ளம், புயல் நாட்களுக்கு மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். பெல்ஜியத்தில் 1993 முதல் 2000 வரை நடந்ததை ஆராய்ந்த ஸ்டெஃபான் வால்கிரேவ் குழுவும், நாடாளுமன்றம் எதைப் பேசுகிறது என்பதைத் தொலைக்காட்சியைவிட நாளிதழ்கள்தான் அதிகம் நகர்த்தின என்று கண்டது. நாடு வேறு, காலம் வேறு என்றாலும் அச்சிட்ட தாளைக் கையில் உயர்த்திக் காட்டிப் பேசும் நம் அவைகளுக்கும் இது பொருந்தும்.

வெட்டாமல் விடுபவை

ஒரு சேவையின் தரத்தை அறிய, அது எதை வெட்டுகிறது என்பதைவிட எதைச் செய்தியாகவே மதிப்பதில்லை என்று பாருங்கள்.

முதலில், ஏரி நீர் இருப்பு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகையின் 500-ஐச் சேர்த்தால் 11,757. தினமும் இருப்பு எவ்வளவு என்று சின்னப் பெட்டியில் பத்திரிகைகள் போடுகின்றன. யாரும் அதை வெட்டுவதில்லை, ஏனென்றால் அதில் தலைப்பு இல்லை. 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்ததிலிருந்து அந்த எண் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே வந்தது. அரசியல் முழுதும் தண்ணீரைப் பற்றிப் பேசியது 2019 ஜூனில், ஏரிகள் வறண்ட படங்கள் உலகப் பத்திரிகைகள் வரை போன பிறகு. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. மெதுவாக நடப்பது செய்தியாவதில்லை, செய்தியாகாதது கட்டிங்கில் வருவதில்லை. வாரம் ஒருமுறை ஏரி இருப்பையும் நிலத்தடி நீர் மட்டத்தையும் சென்ற ஆண்டு இதே வார எண்ணோடு சேர்த்து ஒரு பக்கம் போடும்படி கேளுங்கள். போட மாட்டோம் என்பவர்களை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இரண்டாவது, விளம்பரங்கள். கட்டிங் ஆட்கள் விளம்பரப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் அவகாசத்தோடு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. அது விளம்பரமாகத்தான் வரும். சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் நில உபயோக மாற்ற அறிவிப்பும் டெண்டர் அறிவிப்பும் அப்படியே. எண்ணூர், மீஞ்சூர், மணலி பக்கம் அரசியல் செய்பவருக்கு இந்தச் சிறு எழுத்து விளம்பரம் தவறினால், கூட்டம் நடந்த மறுநாள் செய்தியில்தான் தெரியவரும். அதற்குள் மனுக் கொடுக்கும் நாளே போய்விட்டிருக்கும்.

மூன்றாவது, வாசகர் கடிதங்கள், 'புகார் பெட்டி' போன்ற பகுதிகள். தெருப் பெயரோடு வரும் ஒரே இடம் பல நேரம் அதுதான்.

நான்காவது, நீதிமன்றச் செய்திகள். பத்திரிகைச் செய்தியை அடிப்படையாக வைத்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்குப் பதிவது சென்னையில் அடிக்கடி நடப்பது. அந்த அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மாநில மனித உரிமை ஆணையமும் இப்படி எடுத்துக்கொள்வதுண்டு. அமைச்சர் கண்டுகொள்ளாத செய்தி, தீர்ப்பாயத்தின் நோட்டீஸாகத் துறைச் செயலாளரிடம் போய், பிறகு அமைச்சரிடம் வந்து சேரும். ஆகவே 'பசுமைத் தீர்ப்பாயம் வழக்கு' என்று வரும் செய்தியோடு, அதற்குக் காரணமான பழைய செய்தியையும் தேடி இணைத்துத் தருபவர் உண்மையிலேயே வேலை தெரிந்தவர்.

எதிரொலியும் அதன் பிறகும்

தமிழ்ப் பத்திரிகைகளில் 'செய்தி எதிரொலி' என்றொரு வகை உண்டு. சுட்டிக்காட்டிய பள்ளம் மூடப்பட்டது, முன், பின் என இரண்டு படங்கள். ஊடகம் அரசியலையும் நிர்வாகத்தையும் எவ்வளவு அசைக்கிறது என்பதற்கு இதுவே நேரடிச் சான்று. தொகுப்பில் எதிரொலிச் செய்திகளுக்குத் தனிக் குறி போடச் சொல்லி, முதல் செய்தி வந்த தேதியையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் சேர்ந்தால் உங்கள் தொகுதியில் எந்த அலுவலகம் செய்திக்கு அசைகிறது, எது அசைவதில்லை என்பது தெளிவாகத் தெரியும். ஒன்றை மறக்கக் கூடாது: சரி செய்த வேலைகளுக்குத்தான் எதிரொலி வரும். சரி செய்யாதவை பெரும்பாலும் சத்தமில்லாமல் மறைந்துவிடும். ஆகவே செய்தி வந்த 15-ஆம் நாளும் 45-ஆம் நாளும் 'நிலை என்ன' என்று நினைவூட்டும் பட்டியல் வேண்டும். இதைத் தருகிறோம் என்று சொல்லும் சேவைகள் குறைவு. எக்ஸெல் தாளில் அலுவலகமே செய்துகொள்ளலாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், பேனர் விவகாரம் நம் கண் முன்னால் நடந்தது. சட்ட விரோத பேனர்களை எதிர்த்து வழக்குகளும் உயர் நீதிமன்ற உத்தரவுகளும் பல ஆண்டுகளாக இருந்தன. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண் மீது பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரி மோதி உயிர் போனது. மறுநாளே கட்சித் தலைமைகள் பேனர் வைக்காதீர்கள் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் சொல்லியும் வராத கவனம் ஒரே நாளில் வந்தது. அதன் பிறகு செய்தி குறைந்தது, பேனர்கள் மெல்லத் திரும்பின. கவனம் வருவது ஒரு வேலை, நிலைப்பது வேறு வேலை. காலைத் தொகுப்பு முதல் வேலைக்கு மட்டுமே உதவும்.

இதே காரணத்தால்தான் கட்டிங்கோடு 1913 புகார்ப் பட்டியலையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கும் 'நம்ம சென்னை' செயலிக்கும் வரும் புகார்களில் உங்கள் வார்டுக்குரியவற்றை மண்டல அலுவலகத்தில் கேட்டு, வகைவாரியாக எண்ணுங்கள். புகாரில் அதிகம், செய்தியில் இல்லை என்பவைதான் உங்களுக்குத் தெரியாமல் போகும் பிரச்சினைகள். குடிசைப் பகுதிகள், மறுகுடியமர்வுக் குடியிருப்புகள், தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்கள் இந்த வகையில் வரும் வாய்ப்பு அதிகம். போன் செய்து நிருபரை வரவழைக்கத் தெரிந்த குடியிருப்போர் சங்கம் இருக்கும் தெரு, செய்தியில் மும்முறை வரும்; அது அவர்கள் தவறில்லை. ஆனால் அரசியல்வாதி அந்த மும்முறையை மட்டும் பார்த்தால் அநியாயம் செய்கிறார்.

செய்தி நெரிசலையும் கணக்கில் கொள்ளுங்கள். தாமஸ் ஐசென்சி, டேவிட் ஸ்ட்ரோம்பெர்க் இருவரும் 1968 முதல் 2002 வரை உலகில் நடந்த சுமார் 5,000 பேரிடர்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒலிம்பிக் போன்ற பெரிய செய்தி ஓடும் நாட்களில் நடந்த பேரிடருக்கு அமெரிக்க அரசு நிவாரணம் அறிவிக்கும் வாய்ப்பே குறைந்தது. இங்கே வாக்கு எண்ணும் நாள், பட்ஜெட் நாள், பெரிய நடிகரின் கட்சி மாநாடு நடக்கும் நாள் எல்லாம் அப்படித்தான். அந்த நாட்களின் தொகுப்பில் தொகுதிச் செய்தி இல்லாவிட்டால், தொகுதியில் பிரச்சினை இல்லை என்று பொருளில்லை. அந்த வாரம் பகுதிச் செயலாளரை நேரில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

வாங்கும் முன்

'விளம்பர மதிப்பு' என்று மாதக் கடைசியில் ஒரு ரூபாய்க் கணக்குத் தருவார்கள்: உங்கள் செய்தி இத்தனை சதுர செ.மீ., அதே இடத்தில் விளம்பரம் கொடுத்தால் இத்தனை லட்சம் என்று. 2010 பார்சிலோனா கோட்பாடுகளிலேயே மக்கள் தொடர்புத் துறையினர் இதை ஏற்கத் தகாத அளவுகோல் என்று ஒதுக்கிவிட்டார்கள். இதற்குத் தனிக் கட்டணம் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். 'ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை' என்று செய்திக்கு நிறம் பூசும் அறிக்கையும் தொகுதி அலுவலகத்துக்கு உதவாது. எதிர்ப்பு என்று சிவப்பில் காட்டிய செய்தியை எழுதிய நிருபர் மீது கோபம் வருவதுதான் மிச்சம். குழாயில் சாக்கடை கலக்கிறது என்ற செய்திக்கு ஆதரவு, எதிர்ப்பு ஏது?

பதிப்புரிமையைக் கேட்டுவிடுங்கள். முழு இ-பேப்பரையும் பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப், டெலிகிராமில் சுற்றவிடுவது சட்டப்படி சரியல்ல. 2020-இல் ஒரு இந்தி நாளிதழின் இ-பேப்பரைப் பரப்பிய டெலிகிராம் சேனல்களை நீக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சந்தா கட்டிய இ-பேப்பரிலிருந்து எடுக்கிறார்களா, பத்திரிகைகளின் அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு மக்கள் பிரதிநிதியின் அலுவலகம் இதில் மாட்டினால் அதுவே மறுநாள் கட்டிங்.

சோதனை வாரம் கேளுங்கள். மழை பெய்த மறுநாள் ஒன்றும் சட்டமன்றம் நடக்கும் நாள் ஒன்றும் அந்த வாரத்தில் வருமாறு பாருங்கள். அந்த இரண்டு நாளும் அலுவலகத்தில் ஒருவர் தினத்தந்தி, தினமலர், தினகரன், தினமணி, இந்து தமிழ் திசை, ஆங்கிலத்தில் தி இந்து, டைம்ஸ் ஆஃப் இந்தியா ஆகியவற்றின் சென்னைப் பதிப்பை அச்சில் வாங்கி, தொகுதியைத் தொடும் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிடட்டும்: படவிளக்கம், கடிதம், விளம்பரம் உட்பட. பிறகு தொகுப்போடு ஒப்பிடுங்கள். நாளுக்கு இரண்டு தவறினால் பொறுத்துக்கொள்ளலாம். தவறியவை எல்லாம் படவிளக்கமாகவே இருந்தால் அவர்கள் ஆளை வைத்துப் பார்க்கவில்லை, மென்பொருளை மட்டும் நம்புகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். தனியாள் நடத்தும் சேவை என்றால் அவர் ஊருக்குப் போகும் நாளில், காய்ச்சலில் படுக்கும் நாளில் யார் வெட்டுவார் என்று கேளுங்கள். பொங்கல், தீபாவளி வாரம்தான் இது தெரியவரும்.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் இதே சேவை தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. தினசரி தேவையில்லை. நான்கைந்து சங்கங்கள் சேர்ந்து வாரத் தொகுப்பாக வாங்கினால் போதும். தங்கள் பகுதி பற்றி எந்த நிருபர் எழுதுகிறார், எந்த அதிகாரி பதில் சொன்னார் என்ற இரண்டு கட்டங்களும் அதில் இருந்தால் சங்கத்தின் அடுத்த மனுவுக்கு வலு கூடும். பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்ளவும் ஆகும்.

கடைசியாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். பதவிக்காலம் முடிந்து ஆள் மாறினாலோ சேவையை நிறுத்தினாலோ, அதுவரை சேர்ந்த கட்டிங்குகளின் அட்டவணை முழுவதையும் தேடக்கூடிய கோப்பாக, ஒருங்குறித் (யூனிகோட்) தமிழில், அலுவலகத்துக்கே கொடுத்துவிட வேண்டும். பி.டி.எஃப். படங்களாக மட்டும் கொடுத்தால் ஒரு தெருப் பெயரைக்கூடத் தேடி எடுக்க முடியாது. அடுத்து வரும் கவுன்சிலர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்தத் தெருவில் எந்தெந்த ஆண்டு வெள்ளம் நின்றது, யார் என்ன வாக்குக் கொடுத்தார் என்பது தேதியோடு அவருக்குக் கிடைத்துவிடும்.